நஸ்ரின் வைத்த இரண்டு கண்ணாடிகள்

ஹைதராபாத்துக்கு வந்து நஸ்ரின் முதலில் கற்றுக்கொண்ட சொல் ‘ஹவ்’. ஆமாம் என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் சொல் அது. மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு உருது ஒரு வார்த்தை தெரியாது. வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது தமிழ், மதரஸாவில் ஓதியது அரபி. ஆனால் பெயரைச் சொன்ன உடனே ஆட்டோக்காரர் முதல் பால் பூத் அம்மா வரை எல்லோரும் சரளமாக உருதுவில் தொடங்கிவிடுவார்கள். தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. “நக்கோ, வேண்டாம், விளையாடாதே” என்று சிரிப்பார்கள். அவளும் எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் ‘ஹவ்’ என்று தலையாட்டி வைத்தாள். அப்படித் தலையாட்டி ஒரு நாள், கொண்டாப்பூருக்குப் போக வேண்டியவள் ஹப்சிகுடாவில் போய் இறங்கினாள். ஊரின் இந்தக் கோடி எங்கே, அந்தக் கோடி எங்கே!

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் கணவன் நூர் முகமது விழுந்து விழுந்து சிரித்தான். அவன் ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தான். 2004-இல் கல்யாணம் முடிந்த கையோடு அவளைக் குகட்பள்ளிக்குக் கூட்டி வந்தவன்.

“ஹவ்வுன்னு சொல்லுறதுக்கு முன்னால என்ன கேக்காங்கன்னு கொஞ்சம் கவனிக்கக் கூடாதா புள்ள?” என்றான்.

“கவனிச்சாலும் புரியணுமே மச்சான்” என்றாள் நஸ்ரின்.

திருநெல்வேலியில் பொறியியல் படித்திருந்தாலும் வேலை உடனே கிடைத்துவிடவில்லை. அமீர்பேட்டையில் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்கள் இருந்த காலம் அது. மாடிப்படிச் சுவரில்கூட விளம்பரம் ஒட்டியிருக்கும். அப்படி ஓர் இடத்தில் நெட்வொர்க் படிக்கச் சேர்ந்தாள். அங்கேதான் ஒரு மத்தியான வகுப்பில் அவள் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட விஷயத்தைக் கண்டாள்.

சுவிட்ச் என்பது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. முகப்பில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றுக்குப் பெயர் போர்ட். ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு கேபிள். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு அனுப்புவதைச் சுவிட்ச் வாங்கி, சேர வேண்டிய போர்ட்டில் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பக்கத்துப் போர்ட்டில் இருப்பவனுக்கு ஒரு முணுமுணுப்பும் கேட்காது. ஆனால் இரண்டு வரி கட்டளை கொடுத்தால், அதே சுவிட்ச் ஒரு போர்ட்டில் போவதையும் வருவதையும் அப்படியே நகல் எடுத்து இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பும். பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கும் அது தெரியவே தெரியாது. இதற்கு போர்ட் மிரரிங் என்று பெயர். சுவிட்சுக்குள் ஒரு கண்ணாடி வைப்பது.

நஸ்ரின் கட்டளையைத் தட்டினாள். அதுவரை காலியாகக் கிடந்த திரையில் வரிகள் மளமளவென்று ஓடத் தொடங்கின. அடுத்த பெஞ்சில் இருந்த பெண் ஏதோ சமையல் குறிப்புத் தேடிக்கொண்டிருந்தாள். கத்தரிக்காய் என்று அவள் தட்டியது எழுத்துப் பிசகாமல் நஸ்ரினின் திரையில் வந்து நின்றது. உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது அவளுக்கு. கம்பிக்குள் போவதைக் கண்ணால் பார்க்க முடியும்! அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தவள், செருப்பைக் கழற்றுமுன் நூர் முகமதுவிடம் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, சோறு ஆறிப்போகும் வரை நிறுத்தவில்லை.

மறு வருடம் மாதாப்பூரில் ஒரு டேட்டா சென்டரில் வேலை கிடைத்தது. பல கம்பெனிகளின் சர்வர்களை வாடகைக்கு வைத்துப் பராமரிக்கும் இடம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. ஏசியும் சர்வர் விசிறிகளும் சேர்ந்து போடும் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். நஸ்ரின் நெட்வொர்க் பிரிவில் சேர்ந்தாள். மேனேஜர் பத்ரிநாராயணன், கும்பகோணத்துக்காரர். எதையும் இரண்டு தடவை யோசித்து மூன்றாவது தடவை வேண்டாம் என்று சொல்கிறவர். சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர் திண்டுக்கல் இருதயராஜ். நல்ல மனிதர், ஆனால் எது நின்றாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “நெட்வொர்க்கப் பாருங்கம்மா.”

2007 டிசம்பரில் அந்த வார்த்தையை அவர் தினமும் சொல்ல வேண்டி வந்தது.

பஸ் டிக்கெட்டை இன்டர்நெட்டில் விற்கும் கம்பெனி ஒன்று அவர்களுடைய வாடிக்கையாளர். ஆன்லைனில் டிக்கெட் எடுப்பது அப்போது புதிய சங்கதி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தத் தளம் திடீர் திடீரென்று நின்றுபோகும். சில நிமிடங்கள் உயிரே இருக்காது. இருதயராஜ் ஓடிப்போய் சர்வரை நிறுத்தி மறுபடி போடுவார். சரியாகிவிடும். அப்பாடா என்று உட்கார்ந்தால் மறுநாள் வேறொரு நேரத்தில் மறுபடியும் நிற்கும். போய்ப் பார்ப்பதற்குள் தானாகச் சரியான நாளும் உண்டு. காலையா மாலையா என்று ஒரு கணக்கும் இல்லை. சர்வரில் கோளாறு இல்லை, கேபிளை மாற்றியாயிற்று, சுவிட்சையும் மாற்றியாயிற்று. சங்கராந்தி நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கராந்திக்கு ஹைதராபாத்தே காலியாகி ஊருக்குப் போகும். சிறப்புப் பஸ்களுக்கான முன்பதிவு வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பதாக அறிவித்துவிட்டார்கள். அன்றைக்கு நின்றால் எல்லாச் சர்வரையும் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விடுவோம் என்று அந்தக் கம்பெனி சொல்லிவிட்டது.

பத்ரிநாராயணன் எல்லோரையும் அழைத்தார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நஸ்ரினால் பொறுக்க முடியவில்லை.

“சார், எல்லாரும் ஊகம்தான் பண்ணுறோம். நான் மிரர் வைக்கட்டுமா? உள்ள என்ன போகுது, என்ன வருதுன்னு பாத்துருவோம்.”

பத்ரிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓடிண்டிருக்கிற சுவிட்ச்ல கை வெக்கணுமே நஸ்ரின். நகல் எந்த போர்ட்டுக்குப் போகணும்னு சொல்றீங்களோ அந்த போர்ட் தன்னோட வழக்கமான வேலைய விட்டுடும். நம்பர் ஒண்ணு தப்பா அடிச்சா இன்னொருத்தன் சர்வர் செத்துப் போயிடும்.”

“தப்பா அடிக்க மாட்டேன் சார்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்வா” என்றார். ஆனாலும் எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவள் தட்டத் தட்ட ஒவ்வொரு எழுத்தையும் உரக்கப் படித்தார். கடைசியில் என்டர் விசையைத் தட்டும்போது அவர் மூச்சு நின்றது நஸ்ரினின் காதுக்கே கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. யாருடைய சர்வரும் சாகவில்லை. அவளுடைய லேப்டாப்பில் மட்டும் வரிகள் வெள்ளமாய்ப் பாய ஆரம்பித்தன.

அமீர்பேட்டையில் பார்த்தது வாய்க்கால் என்றால் இது கோதாவரி. ராஜமுந்திரிக்கு இரண்டு சீட், விஜயவாடாவுக்கு ஜன்னலோர சீட் என்று ஊரே அவள் முன்னால் ஓடியது. உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்தாள். பல கேள்விகளுக்குப் பதிலே இல்லை! ஆட்கள் கேட்பது உள்ளே வருகிறது. சர்வரிலிருந்து பதில் போகவில்லை.

“அண்ணே! பிடிச்சுட்டேன்! உங்க சர்வர்தான் பாதிக்குப் பதிலே சொல்லலை!”

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இருதயராஜ் கோபப்படவில்லை. அவள் காட்டிய வரிகளில் நாலைந்தை எடுத்துக்கொண்டு தன் சர்வரில் தேடினார். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: “ஏம்மா, இவங்க எல்லாருக்கும் டிக்கெட் போயிருச்சே. பதில் போகாம எப்படி டிக்கெட் எடுத்தாங்க?”

நஸ்ரினுக்கு முகம் சிவந்துபோனது. அவளுடைய கண்ணாடியில் இல்லாத பதில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் பொய் சொல்வது யார்? கண்ணாடியேதான். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சுவிட்சுக்குள் போய் லேப்டாப் மாட்டியிருந்த போர்ட்டின் நிலவரத்தை எடுத்துப் பார்த்தாள். அனுப்ப முடியாமல் கொட்டிப்போன பாக்கெட்டுகள் லட்சக்கணக்கில் இருந்தன. பாக்கெட் என்றால் கம்பியில் போகும் தகவலின் சிறு பொட்டலம். டிக்கெட் தளத்தின் பாதையில் போவதும் வருவதுமாக இரண்டு வெள்ளம். அந்த இரண்டையும் அவள் ஒரு சின்ன லேப்டாப்பின் வேகம் குறைந்த வாய்க்குள் திணித்திருக்கிறாள். கொள்ளாததைச் சுவிட்ச் கீழே கொட்டிவிட்டது. டிக்கெட் தளத்துக்கு ஒரு சேதமும் இல்லை. அவளுக்கு வந்த நகல்தான் ஓட்டை.

நேரே இருதயராஜிடம் போனாள். “அண்ணே, தப்பு என் மேலதான். உங்க சர்வரை அநியாயமா சொல்லிட்டேன்” என்று சொல்லி, நடந்ததை விளக்கினாள்.

அவர் கேட்டுவிட்டு உரக்கச் சிரித்தார். “அம்பது தடவ நான் நெட்வொர்க்கச் சொல்லிருக்கேன், நீங்க ஒரு தடவ சர்வரச் சொல்லக் கூடாதா? வாங்க, எங்கிட்ட ஒரு சர்வர் சும்மா கெடக்கு. நல்ல வேகமான ரெண்டு போர்ட் இருக்கு. போறதுக்கு ஒரு கண்ணாடி, வர்றதுக்கு ஒரு கண்ணாடி வைங்க.”

இருவரும் சேர்ந்து அந்தச் சர்வரைத் தூக்கி ரேக்கில் மாட்டினார்கள். பத்ரிநாராயணன் மறுபடி பின்னால் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தார். இந்த முறை ஒரு பாக்கெட்கூடக் கொட்டவில்லை.

திங்கட்கிழமை காலை. நூர் முகமது பைக்கில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, “பதறாம பாரு புள்ள” என்று சொல்லிப் போனான். பதறாமல் எப்படி இருப்பது? பத்து மணி ஆனதும் திரையில், தளத்திலிருந்து போகும் பதில்களின் அளவைக் காட்டும் கோடு விர்ரென்று மேலே ஏறியது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சீட்டுக்குக் கை நீட்டுகிறது. ஏறிக்கொண்டே போன கோடு ஓரிடத்தில் சட்டென்று கவிழ்ந்து விழுந்தது.

“நின்னுருச்சு!” என்று கத்தினார் இருதயராஜ். அவர் கை வழக்கம்போல் சர்வரை நிறுத்தப் போனது.

“தொடாதீங்க அண்ணே! தொடாதீங்க!” என்று நஸ்ரின் கூவினாள். அவள் கண் இரண்டு திரைகளிலும் மாறி மாறி ஓடியது. கேள்விகள் வந்துகொண்டேதான் இருந்தன. பதில்தான் இல்லை. இந்த முறை அது பொய்யில்லை. வருகிற பாக்கெட் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள்.

கம்பியில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் நாம் கொடுக்கும் ஐ.பி. முகவரி ஒன்று, தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் எண் ஒன்று. வெளியுலகத்திலிருந்து தகவலை வாங்கிவரும் ரவுட்டர், “இந்த முகவரி யாருடையது?” என்று கேட்கும். உரியவன் “என்னுடையது, என் எண் இது” என்பான். அந்த எண்ணுக்கு அது எல்லாவற்றையும் அனுப்பும். நஸ்ரின் பிரித்த பாக்கெட்டில் முகவரி டிக்கெட் தளத்தின் முகவரிதான். எண் வேறு.

போகிற வழிக்கு வைத்த கண்ணாடியில் கொஞ்சம் பின்னால் போய்த் தேடினாள். அங்கே இருந்தது. கோடு கவிழ்வதற்குச் சற்று முன்னால் யாரோ ஒருவன், “இந்த முகவரி என்னுடையது” என்று ரவுட்டரிடம் சொல்லியிருக்கிறான்.

“சார்! ரெண்டு பேரு இருக்காங்க சார்! ஒரே முகவரியில ரெண்டு பேரு! டிக்கெட் கேக்கிறவங்க எல்லாரும் வேற எவன் வீட்டுக்கோ போயிட்டிருக்காங்க!”

“எந்த போர்ட்?” என்றார் பத்ரிநாராயணன்.

அந்த எண்ணைச் சுவிட்சிடம் கேட்டாள். போர்ட் இருபத்திரண்டு என்றது சுவிட்ச்.

“அதுல என்ன மாட்டியிருக்குன்னே தெரியலையே” என்றார் இருதயராஜ். “முக்கியமான மெஷினா இருந்தா?”

இரண்டு தடவை யோசிக்கிற பத்ரிநாராயணன் அன்றைக்கு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. “மூடுங்கோ. நான் பாத்துக்கறேன்.”

நஸ்ரின் போர்ட்டை மூடினாள். ரவுட்டரில் பதிந்திருந்த தப்பான எண்ணை அழித்தாள். அது மறுபடி கேட்டது: இந்த முகவரி யாருடையது? இந்தத் தடவை உரியவன் மட்டும் பதில் சொன்னான். விழுந்து கிடந்த கோடு நிமிர்ந்தது. நிமிர்ந்து, முன்னால் தொட்ட உயரத்தையும் தாண்டி மேலே மேலே ஏறியது.

“போகுது! போகுது!” என்று நஸ்ரின் நாற்காலியிலேயே குதித்தாள். இருதயராஜ் விசிலடித்தார். பத்ரிநாராயணன் என்ன செய்வதென்று தெரியாமல் இருவரிடமும் மாறி மாறிக் கை குலுக்கினார்.

அந்த இரண்டாவது ஆள் யார் என்று பார்க்காமல் நஸ்ரினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்வெட்டரைக்கூட எடுக்காமல் சர்வர் ஹாலுக்குள் ஓடினாள். போர்ட் இருபத்திரண்டிலிருந்து புறப்பட்ட கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனாள். ரேக்கின் பின்புறமாக இறங்கி, அடித்தட்டில் தூசி படிந்த ஒரு கறுப்புப் பெட்டியில் போய் முடிந்தது. கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி! தங்கள் ரேக்குக்கு முன்னால் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்க்க, டிக்கெட் கம்பெனியே நவம்பர் கடைசியில் வைக்கச் சொன்னது. அது தன் கடிகாரத்தைச் சரிபார்க்க நினைத்தபோதெல்லாம் வெளியுலகத்தோடு பேசும். பேசும்போது, முகவரி என்னுடையது என்று சொல்லும். அவ்வளவுதான், ஊர்ஜனம் மொத்தமும் சீட்டுக் கேட்டுக்கொண்டு அந்தப் பெட்டியின் வாசலில் வந்து நிற்கும். அதற்கு பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும்? பேசாமல் இருக்கும். கொஞ்ச நேரத்திலோ, நிறுத்தி மறுபடி போடும்போதோ உண்மையான உரிமைக்காரன் வாய் திறந்து பேசினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பெட்டியை மாட்டிய கலீமை வரச் சொன்னார்கள். மல்லேப்பள்ளியில் கேமரா கடை வைத்திருப்பவர். நஸ்ரின் இப்போது ‘ஹவ்’வோடு நிற்கவில்லை, மூன்று வருடத்தில் அந்த ஊர் உருதுவை ஒரு மாதிரி பேசப் பழகியிருந்தாள்.

“கலீம் பாய், இந்த முகவரியை இதுக்கு நீங்களா வச்சீங்க?”

“ஹவ் மேடம், நானேதான். கைக்கு? ஏன் கேக்கிறீங்க?” என்றார் அவர். ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னார். யாரிடமாவது கேட்கலாம் என்று பார்த்தால் அன்றைக்கு எல்லோரும் ஏதோ அவசரத்தில் இருந்தார்கள். அந்த முகவரிக்கு ‘யார் அங்கே’ என்று குரல் கொடுத்துப் பார்த்தார். பதில் வரவில்லை. காலி வீடு என்று நினைத்துக் குடியேறிவிட்டார்.

இருதயராஜ் தலையைச் சொறிந்தார். “குரல் குடுத்தா பதில் சொல்லக் கூடாதுன்னு பாதுகாப்புக்காக அந்தச் சர்வரை அப்படி வச்சதே நாங்கதான்” என்றார்.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கலீமுக்கு இரானி சாயா வரவழைத்துக் கொடுத்து, பெட்டிக்கு வேறு முகவரி வாங்கிக் கொடுத்து அனுப்பினார் பத்ரிநாராயணன். டிக்கெட் கம்பெனி இடம் மாறவில்லை. அந்த வருடம் சங்கராந்தி முடியும் வரை தளம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இருதயராஜ் கொடுத்த சர்வர் ரேக்கிலேயே இருந்துவிட்டது. மற்ற வாடிக்கையாளர்களும் எங்களுக்கும் ஒரு கண்ணாடி வையுங்கள் என்று கேட்டுவந்தார்கள். இரண்டு வருடத்தில் கண்காணிப்புக்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டு, நஸ்ரின் அதற்குத் தலைவியானாள்.

பார்க்கத் தெரிந்தவளிடம் பார்க்கக் கூடாததையும் பார்க்கச் சொல்வார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டாள். வாடிக்கையாளர் கம்பெனி ஒன்றின் அதிகாரி ஒரு நாள் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். தன்னிடம் வேலை பார்க்கும் ஒரு பெண் யாரோடு என்ன பேசுகிறாள் என்று தெரிய வேண்டுமாம். அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் பேச்சு பூட்டில்லாமல்தான் கம்பியில் போகும். கட்டளை இரண்டு வரி. நஸ்ரினுக்கு ஒரு நிமிடத்து வேலை.

“கம்பியில எங்க அடைச்சிருக்குன்னு பாக்கத்தான் சார் கண்ணாடி. கடிதாசியைப் பிரிச்சுப் படிக்கிறதுக்கு இல்லை” என்றாள்.

அவர் குரல் உயர்ந்தது. மேனேஜரிடம் போவதாகச் சொன்னார். போனார். பத்ரிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “அவ சொன்னதுதான் எங்க பதில்” என்றார். அன்று சாயங்காலமே இருவரும் உட்கார்ந்து, மிரர் வைப்பது யார் அனுமதியோடு, எதைப் பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்று விதிகளை எழுதி எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

2012-இல் கம்பெனி பெரிய கட்டடத்துக்கு மாறியது. பழைய சுவிட்சைப் போலப் பல மடங்கு வேகம் கொண்டவை வரிசை வரிசையாக வந்து இறங்கின. முதல் நாள், குடும்பத்தாரையும் கூட்டி வரலாம் என்றார்கள். நூர் முகமது அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பள்ளியிலிருந்து மகள் ஹசீனாவையும் அழைத்துக்கொண்டு வந்தான். நாலு வயது ஹசீனாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். வாயைத் திறந்தால் வருவது இந்தி.

சுவர் அளவு திரையில் நூற்றுக்கணக்கான கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஹசீனா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். “உம்மா, யே கியா ஹை?”

“இதுவா? இந்நேரம் ஊரு பேசுறதுல்லாம் இதுவழியாத்தான் போகுது” என்றாள் நஸ்ரின். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு கோடு விசித்திரமாக வளைந்தது. அவள் கண் அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

“மச்சான், இவளைக் கொஞ்சம் பிடிங்க” என்று குழந்தையின் கையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள்.